சிரட்டைக் கரி கப்பல் ஏறுகிறது!

இஸ்திரிக் கடைக்காரர் காலையில் கடை திறந்ததும் முதலில் என்ன செய்கிறார்?

பித்தளைப் பெட்டியின் மூடியைத் தூக்குகிறார். உள்ளே சிரட்டைக் கரியைப் போடுகிறார். மேலே ஒரு தணலை வைத்து விசிறுகிறார். புகை வருகிறது. கண் எரிகிறது. விசிறி விசிறிக் கை ஓய்ந்த பிறகுதான் கரி கனலுகிறது.

அவரிடம் போய், "கரி தானாகவே தீப்பிடிக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்! "தணலை வைத்து விசிறினாலே பற்ற மாட்டேன் என்கிறது. தானாகப் பற்றுமாம்!" என்பார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் கடையில் இருப்பது ஒரு சாக்குக் கரி. அது மூலையில் எத்தனை மாதம் கிடந்தாலும் தானாகப் பற்றாது.

ஆனால், அதே கரி ஓர் இரும்புப் பெட்டி நிறைய அடைக்கப்பட்டுக் கப்பலில் ஏறினால்?

அப்போது கதையே வேறு!

நடுக்கடலில் தீ

2019-ம் ஆண்டு, ஜனவரி 3-ந் தேதி.

"யாண்டியன் எக்ஸ்பிரஸ்" என்ற ஜெர்மன் கப்பல் அட்லாண்டிக் மாகடலில் போய்க்கொண்டிருந்தது. பெரிய கப்பல். மேல்தளத்தில் கன்டெய்னர்கள் என்னும் இரும்புப் பெட்டிகள் மாடி மாடியாக அடுக்கப்பட்டிருந்தன. அது கொழும்பிலிருந்து புறப்பட்டு, சூயஸ் கால்வாயைக் கடந்து, கனடா நாட்டின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தை நோக்கிச் சென்றது.

கரைக்கு இன்னும் 1,200 கிலோமீட்டர் இருந்தது. அப்போது மேல்தளத்தில் இருந்த ஒரு பெட்டியில் தீ!

ஊரில் வீடு பற்றினால் தீயணைப்பு வண்டி வரும். தெருவே குடத்தோடு ஓடி வரும். நடுக்கடலில் யார் வருவார்? கப்பலில் இருந்தவர்கள் மொத்தம் 23 பேர். அவர்களேதான் மாலுமிகள். அவர்களேதான் தீயணைப்புப் படை.

குழாயைப் பிடித்துப் போராடினார்கள். தீ ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவியது. கடலும் கொந்தளித்தது. கடைசியில் கப்பலையே விட்டுவிட்டு, உதவிக்கு வந்த இழுவைக் கப்பலுக்கு மாற வேண்டியதாயிற்று. நல்ல வேளை, 23 பேரும் உயிர் தப்பினார்கள்.

தீ எப்படி வந்தது? ஜெர்மன் அரசின் கப்பல் விபத்து விசாரணைத் துறை ஆராய்ந்தது. சந்தேகம் ஒரு பெட்டியின் மேல் விழுந்தது. அந்தப் பெட்டியின் காகிதத்தில் "தேங்காய் உருண்டைகள்" என்று எழுதியிருந்தது.

உள்ளே இருந்தது தேங்காய்ச் சிரட்டைக் கரி!

பெயரை மாற்றி எழுதியதால், அது ஆபத்தான சரக்கு என்பது கப்பல்காரர்களுக்குத் தெரியவில்லை. சாதாரணச் சரக்கோடு சரக்காக அடுக்கிவிட்டார்கள்.

அந்தக் கப்பல் கம்பெனி அதே ஆண்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆபத்தான சரக்கைப் பெயர் மாற்றி அனுப்பினால், பெட்டி ஒன்றுக்கு 15,000 டாலர் அபராதம்!

இது ஒரே ஒரு கப்பலுக்கு நேர்ந்த கதை அல்ல. 2015-ம் ஆண்டு நவம்பரில் "எம்.எஸ்.சி. கத்ரினா" என்ற கப்பலில் கரிப் பெட்டி பற்றியது. 2016 பிப்ரவரியில் செங்கடலில் "லுட்விக்ஸ்ஹாபன் எக்ஸ்பிரஸ்" என்ற கப்பலில் பற்றியது. 2015 முதல் 2022 முடிய எட்டு ஆண்டுகளில், கரியினால் மட்டும் கப்பல்களில் 68 தீ விபத்துக்கள் நடந்ததாகக் கப்பல் கம்பெனிகளின் கூட்டமைப்பு கணக்கெடுத்திருக்கிறது.

நமக்கு என்ன?

"எங்கோ அட்லாண்டிக்கில் கப்பல் எரிந்தால் திருநெல்வேலிக்கு என்ன?" என்று கேட்கலாம்.

பாளையங்கோட்டையிலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் தூத்துக்குடி. அங்கே வ.உ.சிதம்பரனார் துறைமுகம். 1974-ம் ஆண்டில் பெரிய துறைமுகமாகத் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களின் சரக்கு கடலுக்குப் போகும் வாசல் அதுதான்.

அந்த வாசல் வழியாகக் கரியும் போகிறது. சிரட்டையைச் சுட்ட கரி போகிறது. அந்தக் கரியை ஆலையில் பக்குவம் செய்த தூளும் குருணையும் போகின்றன. தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் வேலிக்கருவை விறகை மூட்டம் போட்டு எடுக்கும் கரி வேறு இருக்கிறது.

இந்தப் பெட்டிகளில் பல, தூத்துக்குடியில் சிறு கப்பலில் ஏறும். கொழும்பில் இறங்கும். அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். "யாண்டியன் எக்ஸ்பிரஸ்" புறப்பட்டு வந்தது அந்தக் கொழும்பிலிருந்துதான்!

அந்தக் கப்பல்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். பெட்டியில் மூட்டை அடுக்குகிறவர்களும் நம்மவர்களே.

கரி ஏன் தானாகச் சுடுகிறது?

வைக்கோல் போரைப் பிரித்திருக்கிறீர்களா? ஈரமாக அடுக்கிய போருக்குள் கையை விட்டால் சூடாக இருக்கும். எருக்குழியும் அப்படித்தான். யாரும் தீ வைக்கவில்லை. உள்ளே சூடு பிறக்கிறது. வெளியே போக வழி இல்லாமல் அங்கேயே தங்குகிறது.

கரியிலும் சூடு பிறக்கிறது. ஆனால் காரணம் வேறு.

கரித்துண்டை உடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் அதில் இருக்கின்றன. புதிதாகச் சுட்ட கரி, காற்றில் உள்ள பிராணவாயுவை அந்தத் துளைகளுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஈரத்தையும் இழுக்கிறது. அப்படி இழுக்கும்போது கொஞ்சம் சூடு உண்டாகிறது.

கொஞ்சம்தான். ஒரு கூடைக் கரி என்றால், அந்தச் சூடு காற்றோடு போய்விடும். ஒரு மலைக் கரி என்றால்? நடுவில் பிறந்த சூடு வெளியே வர முடியாது. சூடு ஏற ஏற, கரி இன்னும் வேகமாகப் பிராணவாயுவை இழுக்கும். வேகமாக இழுக்க இழுக்க, சூடு இன்னும் ஏறும். ஒரு கட்டத்தில் உள்ளே கனலத் தொடங்கிவிடும்.

இதற்குத் தீப்பெட்டி வேண்டாம். தீப்பொறி வேண்டாம். கரியும் காற்றும் போதும். குவியல் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும்.

நிலக்கரிக்கும் இந்தக் குணம் உண்டு. நீராவிக் கப்பல்கள் ஓடிய காலத்தில், கப்பலின் கரி அறைகள் தானாகவே பற்றிக்கொள்வது வழக்கம். இதை ஆராய 1875-ம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் அரசு ஒரு கமிஷன் போட்டது. 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பல் புறப்பட்டபோதே, அதன் கரி அறை ஒன்றில் தீ கனன்றுகொண்டிருந்தது. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய காலமும் கரிக் கப்பல்களின் காலம்தான்.

மூட்டம் போடுகிற தொழிலாளிகளுக்கு இது படித்துத் தெரிந்த விஷயம் அல்ல. பட்டுத் தெரிந்த விஷயம். மூட்டம் பிரித்த கரியை அன்றைக்கே லாரியில் ஏற்றினால், வழியிலேயே பற்றிக்கொள்ளும். பரப்பி ஆறவிட வேண்டும். அணைந்ததுபோல் இருக்கும் ஒரு கங்கு போதும், லாரியே போய்விடும்.

பத்தடிக் குவியல்

எவ்வளவு கரி இருந்தால் ஆபத்து? இதற்கு விஞ்ஞானிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்.

மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். அதாவது ஏறக்குறைய பத்தடிக்குப் பத்தடிக்குப் பத்தடி. மொத்தம் 27 கன மீட்டர். இந்த அளவு கரிக் குவியல், சுற்றிலும் 50 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் இருந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

தானாகச் சூடேறும் பொருள்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. அத்தனைக்கும் ஐ.நா. சபையின் விதிநூல் இந்தக் கரிக் குவியலையே அளவுகோலாக வைத்திருக்கிறது. தங்கத்துக்கு உரைகல் எப்படியோ, தானாகச் சூடேறும் பொருளுக்குக் கரி அப்படி!

இனி, கப்பலில் ஏறும் இருபதடி இரும்புப் பெட்டியைப் பாருங்கள். அதன் உள்ளே இருக்கும் இடம் ஏறக்குறைய 33 கன மீட்டர். விஞ்ஞானிகள் சொன்ன 27 கன மீட்டர் அதற்குள் அடங்கிவிடும்! வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் உஷ்ணம் 50 டிகிரியைத் தாண்டுவதும் சாதாரணம்.

இஸ்திரிக் கடை மூலையில் சாதுவாகக் கிடந்த கரி, கப்பல் பெட்டியில் ஏன் பாம்பாக மாறுகிறது என்பது இப்போது புரிகிறது அல்லவா?

ஒரு லிட்டரில் ஒரு பெட்டியைச் சோதிப்பது எப்படி?

எந்தக் கரி பற்றும், எந்தக் கரி பற்றாது என்று பார்ப்பதற்காகப் பத்தடிக் குவியலைக் கொளுத்திப் பார்க்க முடியுமா? முடியாது. அதற்கு ஒரு சிறு சோதனை இருக்கிறது.

கம்பி வலையால் செய்த சின்னக் கூண்டு. ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர். ஒரு லிட்டர் படி அளவு. அதில் கரித்தூளை நிரப்புகிறார்கள். நடுவில் ஓர் உஷ்ணமானியைச் செருகுகிறார்கள். கூண்டை 140 டிகிரி அடுப்புக்குள் வைத்து 24 மணி நேரம் காத்திருக்கிறார்கள்.

குவியல் சிறிது. அதனால் அதைச் சரிக்கட்ட உஷ்ணத்தைக் கூட்டுகிறார்கள். அதுதான் சூட்சுமம்! ஒரு லிட்டர் கரிக்கு 140 டிகிரி என்பது, பத்தடிக் குவியலுக்கு 50 டிகிரி என்பதற்குச் சமம்.

அடுப்பின் சூடு 140 டிகிரிதான். கரியின் நடுவில் உள்ள சூடு 200 டிகிரியைத் தாண்டினால்? கரி தானாகச் சூடேறுகிறது என்று பொருள். அது ஆபத்துச் சரக்கு. அதன் பிறகு 2.5 சென்டிமீட்டர் கூண்டில் சோதிப்பார்கள். அவ்வளவு சின்னக் கூண்டிலும் சூடேறினால், அது கூடுதல் ஆபத்து.

தீப்பெட்டிக்கு ஒரு வகுப்பு, கரிக்கு ஒரு வகுப்பு

கடலில் போகும் ஆபத்துச் சரக்குகளுக்கென்று சர்வதேச விதிநூல் ஒன்று இருக்கிறது. 1965-ல் வந்தது. எல்லா ஆபத்துப் பொருள்களையும் அது 9 வகுப்பாகப் பிரிக்கிறது.

சிவகாசிப் பட்டாசு 1-வது வகுப்பு. வெடிமருந்து இனம். தீப்பெட்டி 4-வது வகுப்பில் முதல் பிரிவு. உரசினால் பற்றுகிற திடப்பொருள். கரி 4-வது வகுப்பில் இரண்டாம் பிரிவு, தானாகவே பற்றக்கூடியது.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். தீக்குச்சியையாவது யாராவது உரச வேண்டும். கரிக்கு அதுகூட வேண்டாம்!

ஒவ்வொரு பொருளுக்கும் ஐ.நா. சபை ஓர் எண்ணும் கொடுத்திருக்கிறது. மரம், சிரட்டை, எலும்பு போன்றவற்றைச் சுட்டு எடுக்கும் கரிக்கு எண் 1361. ஆலையில் பக்குவம் செய்த கரிக்கு எண் 1362. கனடாக்காரருக்குத் தமிழ் தெரியாது. நமக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் 1361 என்ற எண்ணைப் பார்த்தால், எந்தத் துறைமுகத்திலும் அது கரி என்று தெரிந்துவிடும்.

எல்லாக் கறுப்பும் ஒன்றல்ல

இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். கறுப்புத் தூள் எதைப் பார்த்தாலும் ஒன்றுபோல் தெரிகிறது. கையில் தொட்டால் எல்லாமே ஒட்டுகிறது. ஆனால் குணம் வேறு வேறு.

முதலாவது, சிரட்டைக் கரி. நூறு கிலோ சிரட்டையைக் காற்று அதிகம் படாமல் சுட்டால், ஏறக்குறைய முப்பது கிலோ கரி கிடைக்கும். அப்படியே கப்பலுக்கும் போகிறது, ஆலைக்கும் போகிறது.

ஆலைக்குப் போன கரி, 900 டிகிரிக்குப் பக்கத்தில் உள்ள சூட்டில் நீராவியில் குளிக்கிறது. நீராவி கரியின் உள்ளே புகுந்து இன்னும் நுணுக்கமான துளைகளைக் குடைகிறது. மூன்று டன் கரி போட்டால் சுமார் ஒரு டன்தான் மிஞ்சும். ஆனால் மிஞ்சியது சாதாரணப் பொருள் அல்ல. அதில் ஒரே ஒரு கிராமை எடுத்து, அதன் துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்ப முடிந்தால், கால் ஏக்கர் நிலம் அளவுக்கு வரும்!

அந்தக் கால் ஏக்கரில் அழுக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் வீட்டுத் தண்ணீர் வடிகட்டியில் அந்தக் கரி இருக்கிறது. தங்கச் சுரங்கத்தில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்கிறது. விஷம் குடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள். முதல் உலகப் போரில் விஷப்புகையைத் தடுக்கும் முகமூடிகளுக்குள் இருந்ததும் தேங்காய்ச் சிரட்டைக் கரிதான். பாட்டி வீட்டில் அகப்பையாக இருந்த சிரட்டை எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்!

நீராவியில் பக்குவம் செய்த கரிக்கு, ஆபத்துச் சரக்கு விதிகளிலிருந்து நெடுங்காலமாகவே விலக்கு உண்டு. வேறு ரசாயன முறையில் செய்த கரிக்கு அந்த விலக்கு கிடையாது. ஆகவே, "இது எப்படிச் செய்தது?" என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும். தூளைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இன்னொரு கறுப்பு இருக்கிறது. அது டயர்க் கறுப்பு. திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் ஆலை இருக்கிறது. டயர் ஏன் கறுப்பாக இருக்கிறது? ரப்பருக்குப் பலம் கொடுக்கக் கரும்புகைத் தூளைச் சேர்க்கிறார்கள். கனத்த எண்ணெயை அரைகுறையாக எரித்து, அந்தப் புகைக்கரியைப் பிடித்துச் செய்வது அது. மரமோ சிரட்டையோ அதில் இல்லை. தானாகச் சூடேறும் குணம் அதற்கு இல்லையென்றால், அதைச் சாதாரணச் சரக்காகவே அனுப்பலாம்.

ஆனாலும், தப்பித்தவறி ஒரு தணல் விழுந்துவிட்டால் டயர்க் கறுப்பு மோசமானது. சுவாலை தெரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். அதனால், தீப்பட்ட மூட்டையை அணைத்த பிறகும் இரண்டு நாளாவது கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்பது விதி.

2026 ஜனவரி 1 முதல்...

முன்பு கரிக்கு ஒரு சலுகை இருந்தது. மேலே சொன்ன கூண்டுச் சோதனையில் தேறிவிட்டால், சான்றிதழை வைத்துக்கொண்டு சாதாரணச் சரக்காக ஏற்றலாம்.

சலுகை நல்லதுதான். ஆனால் சோதனைக்குப் போனது ஒரு கை கரி. பெட்டியில் ஏறியது எத்தனையோ மூட்டை. இரண்டும் ஒரே சூளையில், ஒரே நாளில் சுட்டதுதானா? நன்றாக ஆறியதுதானா? சான்றிதழ் இருந்தும் பெட்டிகள் எரிந்தன.

ஆகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பு சலுகையை நீக்கிவிட்டது. 2026-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதியிலிருந்து, கப்பலில் ஏறும் கரி எல்லாம் ஆபத்துச் சரக்கு. சோதனையில் தேறினாலும் சரி, அப்படித்தான் அறிவிக்க வேண்டும்.

எப்படி ஏற்ற வேண்டும் என்பதற்கும் கண்டிப்பான விதிகள் வந்திருக்கின்றன.

சுட்ட கரியை உடனே மூட்டை கட்டக் கூடாது. கூரைக்கு அடியில், காற்றோட்டமாக, 14 நாள் ஆறப்போட வேண்டும். அல்லது பிராணவாயு இல்லாத காற்றறையில் 24 மணி நேரம் குளிர வைக்க வேண்டும். காற்றில் 14 நாள் கிடக்கும் கரி, இழுக்க வேண்டிய பிராணவாயுவை நிலத்திலேயே இழுத்து முடித்துவிடும். பசி அடங்கிய கரி கப்பலில் வம்பு செய்யாது.

மூட்டை கட்டும் நாளில் கரியின் சூடு 40 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. லண்டனில் உட்கார்ந்து எழுதும்போது இது சுலபமான விதியாகத் தெரிந்திருக்கும். அக்கினி நட்சத்திரத்தில், தகரக் கொட்டகைக்குள், மத்தியான வேளையில் இது சுலபமா? விடியற்காலையில் மூட்டை கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பெட்டிக்குள் மூட்டைகளைக் கூரை வரை அடைக்கக் கூடாது. கூரைக்குக் கீழே ஓரடியாவது காலி இருக்க வேண்டும். அடுக்கு ஐந்தடிக்கு மேல் உயரக் கூடாது. அதற்கு மேல் அடுக்குவதானால், 16 கன மீட்டருக்கு மிகாத பகுதிகளாகப் பிரித்து, நடுவே அரையடி இடைவெளி விட வேண்டும்.

இந்த விதிகளின் நோக்கம் ஒன்றே. பத்தடிக் குவியல் பெட்டிக்குள் உருவாகவே கூடாது!

பொய் எழுதும் ஆசை

விதி நல்லது. ஆனால் செலவு யாருடையது?

பெட்டியின் உள் உயரம் எட்டடிக்குச் சற்றுக் குறைவு. ஐந்தடி மட்டும் அடுக்கினால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலியாகப் போகிறது. காலி இடத்துக்கும் கப்பல் கூலி கொடுக்க வேண்டும். ஆபத்துச் சரக்கு என்றால் அந்தக் கூலியும் கூடுதல். 14 நாள் ஆறப்போட இடம் வேண்டும். அந்த 14 நாளும் முதல் முடங்கிக் கிடக்கும்.

பெரிய ஆலைக்கு இது தாங்கும். பத்து மூட்டை, இருபது மூட்டை என்று சிரட்டை சுட்டு வியாபாரிக்குப் போடுகிற சின்னத் தொழிலாளிக்கு? கடலில் கூடும் செலவு கடைசியில் அவர் தலையில்தான் வந்து விழும். கிலோவுக்குக் கொடுக்கும் விலையைக் குறைப்பார்கள்.

காகிதத்தில் வேறு பெயர் எழுதும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. "தேங்காய்ப் பொருள்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். சில ஆயிரம் ரூபாய் மிச்சம்! ஆனால் அந்த வரியை நம்பித்தான் கப்பல் அதிகாரி பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். ஆபத்துச் சரக்கு என்று தெரிந்தால், சூடு படாத இடத்தில் வைப்பார். பக்கத்தில் எது இருக்கலாம், எது கூடாது என்று பார்ப்பார். தெரியாவிட்டால், எண்ணெய்த் தொட்டியின் சூட்டுக்குப் பக்கத்திலும் வைத்துவிடலாம். அவர் மேல் தப்பு இல்லை.

கதவைத் திறந்ததும் உள்ளே போகாதீர்கள்!

தீ மட்டும் அல்ல, கரியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இது சுமை தூக்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது.

கரி பிராணவாயுவை இழுக்கும் என்று பார்த்தோம். மூடிய பெட்டிக்குள், மூடிய தொட்டிக்குள் அது எந்தப் பிராணவாயுவை இழுக்கும்? அங்கே இருக்கும் காற்றில் உள்ளதைத்தான்! ஆலைக் கரி ஈரமாக இருந்தால் இன்னும் வேகமாக இழுக்கும். உள்ளே காற்று இருக்கும். மூச்சுக்கு வேண்டிய பிராணவாயு இருக்காது. மணம் தெரியாது, நிறம் தெரியாது. உள்ளே போனவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் போனவரும் விழுவார்.

கரிப் பெட்டியின் கதவைத் திறந்ததும் விலகி நிற்க வேண்டும். நன்றாகக் காற்றோட்டம் ஆன பிறகே உள்ளே கால் வைக்க வேண்டும். கரித் தொட்டியில் இறங்குவதானால், முதலில் கருவி வைத்துக் காற்றைச் சோதிக்க வேண்டும். வெளியே ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும்.

தூள் பறக்கும் இடத்தில் மூக்கை மூடிக்கொள்ள முகக் கவசம் வேண்டும். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. பீடி பற்ற வைக்கக் கூடாது. மூடிய அறையில் காற்றோடு கலந்து பறக்கும் கரித்தூள் ஒரு பொறியில் வெடிக்கவும் கூடும்.

லாரி டிரைவருக்கும் வேலை இருக்கிறது. ஆபத்துச் சரக்கு ஏற்றும் டிரைவர்கள் தனிப் பயிற்சி பெற வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. என்ன சரக்கு, தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய காகிதம் அவர் கையில் இருக்க வேண்டும். அந்தக் காகிதம் அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். இருக்கையின் அடியில் மடித்து வைத்திருக்கும் காகிதத்தால் பயன் இல்லை.

மூட்டை சூடாக இருக்கிறதா? தொட்டுப் பார்த்தாலே தெரியும். கதவு இடுக்கில் புகை மணம் வருகிறதா? பெட்டியின் இரும்புச் சுவரில் ஓரிடம் மட்டும் அதிகமாகக் கொதிக்கிறதா? அப்படியானால் துறைமுக வாசலுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கரையில் ஒரு பெட்டி கெட்டால் ஒரு பெட்டியோடு போயிற்று.

வெள்ளையும் சிவப்பும்

ஒழுங்காக ஏற்றிய கரிப் பெட்டியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். சாய்சதுர வடிவில் ஓர் அடையாளம் ஒட்டியிருக்கும். மேல்பாதி வெள்ளை. கீழ்பாதி சிவப்பு. வெள்ளையில் ஒரு தீச்சுவாலைப் படம். அடியில் 4 என்ற எண். படிக்கத் தெரியாதவருக்கும் அந்தப் படம் புரியும்.

அதைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டினால் போதாது. நான்கு பக்கமும் ஒட்ட வேண்டும். கப்பலில் பெட்டி எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும், குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற மாலுமியின் கண்ணில் அது பட வேண்டும்.

தூத்துக்குடியில் பளுதூக்கி அந்தப் பெட்டியை மெல்லத் தூக்குகிறது. உள்ளே ஐந்தடி உயரத்துக்கு மூட்டைகள். அதற்கு மேலே வெறும் காற்று. காகிதத்தில் 1361 என்ற எண். சுட்ட தேதி, மூட்டை கட்டிய தேதி, அன்றைய சூடு எல்லாம் எழுதியிருக்கிறது. பெட்டி கப்பலின் மேல்தளத்தில் போய் உட்காருகிறது.

ஒரு நாளுக்குள் கொழும்பு.